மேல் கடைவாய்ப் பல் பிடுங்கிய பிறகு குடிக்கிற தண்ணீர் மூக்கில் வருகிறது. அப்பா நாதஸ்வரக்காரர். யாரைப் பார்ப்பது?

சீவாளிமகள்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். 40 வருடமாக நாதஸ்வரம் வாசிக்கிறார், கோயில் மேளமும் கல்யாண மேளமும்தான் வீட்டு வருமானம். 11 வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் இருக்கிறார். இடது பக்கம் மேலே, முன்பல்லிலிருந்து எண்ணினால் ஆறாவது பல் ரொம்ப நாளாகச் சொத்தை. 12 நாளைக்கு முன்னால் பக்கத்து ஊர் பல் டாக்டரிடம் பிடுங்கினோம். பல் உடைந்து வேர் வேராக எடுக்க வேண்டியதாகி முக்கால் மணி நேரம் ஆனது. பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார், அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது இடது மூக்கு வழியாக ஒழுகியது. புரையேறிவிட்டது என்று நினைத்தோம். மதியம் மோர் குடித்தபோதும் அதே கதை. வாய் கொப்பளித்தால் தண்ணீர் மூக்கில் வருகிறது, பேசினால் குழிக்குள் காற்று போய் வருவது தெரிகிறது என்கிறார். ஐந்தாம் நாள் ஒரு கோயில் விசேஷம், முன்பணம் வாங்கியாகிவிட்டது, அதனால் போய் வாசித்தார். நாங்களும் தடுக்கவில்லை. ஊத ஊதக் காற்று மூக்குக்குப் போய்விடுகிறது, சுருதியே நிற்கவில்லை என்று அரை மணி நேரத்தில் இறக்கி வைத்துவிட்டார். அன்று ராத்திரியிலிருந்து இடது கன்னம் கனம், குனிந்தால் வலி, இப்போது நான்கு நாளாக இடது மூக்கில் மட்டும் மஞ்சளாகச் சளி. நாற்றம் அவருக்கே தெரிகிறது, சாப்பாடு இறங்கவில்லை.

பல் டாக்டர் "சின்ன ஓட்டைதான், தானாக மூடிவிடும்" என்கிறார். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் போனோம், சைனஸ் என்று மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்தார். அவர் வாயைத் திறந்து பார்க்கவில்லை. பல் பிடுங்கியதை நாங்களும் சொல்லவில்லை, இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இது பல் டாக்டர் பார்க்க வேண்டியதா, மூக்கு டாக்டர் பார்க்க வேண்டியதா? ஆவணியில் ஏழு முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசிக்க முடியுமா? இனிமேல் வாசிக்கவே முடியாமல் போய்விடுமோ என்று ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறார், பார்க்க முடியவில்லை.

கரிசல்மண்:

பயப்படாதீர்கள் சகோதரி. எனக்கும் இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பல், இதே ஓட்டை. தண்ணீர் குடித்தால் மூக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். டாக்டர் ஒரு பஞ்சு மாதிரி எதையோ வைத்து ஒரு தையல் போட்டார், பத்து நாளில் சரியாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், தானாக மூடும்.

முகத்தாடைமருத்துவர்:

நான் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை செய்கிற பல் மருத்துவர். கரிசல்மண் சொல்வது அவர் விஷயத்தில் உண்மை, ஆனால் உங்கள் அப்பாவுக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம் அம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

கண்ணுக்குக் கீழே, மூக்குக்குப் பக்கத்தில், கன்ன எலும்புக்குள் காற்று நிறைந்த ஒரு அறை இருக்கிறது, மூக்கு டாக்டர் சைனஸ் என்று சொன்னது இதைத்தான். பெரியவர்களுக்குச் சுமார் 15 மி.லி. கொள்ளும். அதன் தரைக்கு நேர் கீழேதான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள். நடுவில் இருக்கும் எலும்பு சிலருக்கு நல்ல கனமாக இருக்கும், சிலருக்கு முட்டை ஓடு அளவுதான், சிலருக்கு எலும்பே இல்லாமல் ஒரு மெல்லிய ஜவ்வு மட்டும். அப்படிப்பட்ட பல்லை, அதிலும் வேர் விரிந்து உடைந்த பல்லை எடுக்கும்போது தரை திறந்துகொள்ளும். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் நடக்கும், பல் டாக்டரின் கைப்பிழை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் திறந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஓட்டை 2 மி.மீ.க்குள் இருந்தால் குழியில் உறைகிற ரத்தமே மூடி போட்டுவிடும். அதற்கு மேல் 5 மி.மீ. வரை என்றால் தானே கரைகிற பஞ்சு வைத்துத் தையல் போட்டு ரத்தக்கட்டி கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கரிசல்மண்ணுக்கு நடந்தது அதுதான். அதைவிடப் பெரியது என்றால் பக்கத்துச் சதையை இழுத்து மூட வேண்டும். உங்கள் அப்பாவுக்குக் கஞ்சியே ஒழுகுகிறது என்றால் ஓட்டை சின்னது இல்லை. அதோடு ஐந்தாம் நாள் நாதஸ்வரம் ஊதியிருக்கிறார். அந்த வாத்தியத்துக்கு வாய்க்குள் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குழியில் கொஞ்ச நஞ்சம் உறைந்திருந்த ரத்தமும் அந்த அரை மணி நேரத்தில் போயிருக்கும், எச்சிலும் கிருமியும் மேலே ஏறியிருக்கும். மஞ்சள் சளி, ஒரு பக்கம் மட்டும், நாற்றம், குனிந்தால் வலி எல்லாம் அதைத்தான் சொல்கின்றன.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் தாண்டினால் ஓட்டையின் உள்சுவர் முழுக்கத் தோல் வளர்ந்துவிடும். காது குத்திய ஓட்டை மாதிரி. அதன் பிறகு தானாக மூடவே மூடாது. நீங்கள் 12ஆம் நாளில் இருக்கிறீர்கள்.

இன்றிலிருந்தே செய்ய வேண்டியது: வாத்தியத்தைத் தொட வேண்டாம். மூக்கைச் சிந்த வேண்டாம், வழிவதைத் துடைத்தால் போதும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்மட்டும். உறிஞ்சுகுழல் போட்டு இளநீர் குடிப்பது, வேகமாகத் துப்புவது, பலூன், சங்கு, அடுப்பு ஊதுவது எதுவும் கூடாது. கபாலபாதி மாதிரி மூச்சுப் பயிற்சியும் மூக்கில் தண்ணீர் விடும் நேத்தியும் செய்கிறவர் என்றால் அதையும் நிறுத்துங்கள். வெற்றிலை, புகையிலை, மூக்குப்பொடி இருந்தால் அறவே வேண்டாம். இரண்டு தலையணை வைத்துப் படுக்கட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்துக் குழியில் குமிழி வருகிறதா என்று வீட்டில் சோதிக்காதீர்கள், சின்ன ஓட்டை பெரிதாகிவிடும். குச்சி, பட்ஸ் எதையும் உள்ளே விடவும் வேண்டாம். 1651ல் இங்கிலாந்து மருத்துவர் ஹைமோர் இந்த அறையைப் பற்றி எழுதியபோதே, பல் பிடுங்கிய குழிக்குள் இறகை விட்டுப் பார்த்து, அது போய்க்கொண்டே இருந்ததில் மிரண்டுபோன ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த ஆசை எல்லோருக்கும் வரும்.

யாரைப் பார்ப்பது என்றால், முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரை. ஸ்கேன் அவசியம், வேர்த்துண்டு ஏதாவது மேலே போய்க் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பக்கம் என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி, முன்பு ராஜா முத்தையா பெயரில் இருந்தது. அங்கே இந்தத் துறை உண்டு. மூக்கு டாக்டருக்குப் பல் பிடுங்கிய விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி, அவர் கொடுத்த மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

தூத்துக்குடிஅக்கா:

இதைப் படித்ததும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்குப் பல் பிடுங்கவில்லை, வேர் சிகிச்சை. வலது பக்கம் மேல் கடைவாய்ப் பல், செய்து கேப்பும் போட்டாயிற்று, வலி போயிற்று, நானும் மறந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து வலது மூக்கில் மட்டும் ஒரு கெட்ட வாடை. மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்கு மட்டும். வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவை எல்லாம் நகர்த்தித் தேடியிருக்கிறேன்.

தூசு அலர்ஜி என்று ஒரு டாக்டர், ஒற்றைத் தலைவலி என்று ஒரு டாக்டர். ஆவி பிடித்தேன், நொச்சி, யூகலிப்டஸ், ஒன்று பாக்கி இல்லை. எட்டு மாதத்தில் நான்கு முறை ஆன்டிபயாடிக். போடும்போது குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். மூக்கு டாக்டர் பல்லைப் போய்க் காட்டு என்றார், பல் டாக்டர் சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பல் நன்றாக இருக்கிறது, மூக்கைப் போய்க் காட்டு என்றார். கடைசியில் ஒரு டாக்டர்தான் முதல் கேள்வியாக "ஒரு பக்கம் மட்டுமா?" என்று கேட்டார். சி.டி. எடுத்தால் இடது பக்கம் பளிச்சென்று காற்று, வலது பக்கம் முழுக்க அடைத்து நடுவில் உலோகத் துணுக்கு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. வேர் சிகிச்சையில் நிரப்பிய மருந்து வேர் நுனியைத் தாண்டி மேலே போய், அதைச் சுற்றிப் பூஞ்சை உருண்டை கட்டியிருந்தது. மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு எடுத்தார்கள், பல்லையும் திரும்பச் சரிசெய்தார்கள். வாடை அன்றோடு போயிற்று.

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை, ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஒருவராவது இன்னொருவருக்குப் போன் செய்து பேசியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. தங்கச்சி, நீ இரண்டு டாக்டரையும் பேச வை. பேச மாட்டேன் என்றால் எழுதித் தரச் சொல்லி எடுத்துக்கொண்டு போ.

காதுமூக்குதொண்டை:

அக்கா சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன், எங்கள் பக்கத்துத் தவறுதான் அதில் பாதி. ஒரு பக்கம் மட்டும் சைனஸ், அதுவும் நாற்றத்தோடு என்றால் வாயைத் திறந்து மேல் பல்லைப் பார்க்க வேண்டும். பல்லிலிருந்து வரும் கிருமிகளில் பெரும்பாலானவை காற்றில்லாத இடத்தில் வளர்கிறவை, அந்த நாற்றம் அவற்றின் வேலை.

ஏன் மாத்திரையால் மட்டும் தீராது என்று கேட்கிறவர்களுக்கு: இந்த அறைக்கு மூக்குக்குள் திறக்கும் வாசல் அடியில் இல்லை, உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறையின் உள்தோலில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள்தான் சளியைக் கீழிருந்து மேலே தள்ளி வாசலுக்குக் கொண்டு போகின்றன. சீழ் கட்டி உள்தோல் வீங்கினால் அந்த வாசல் அடைத்துக்கொள்ளும். கீழே ஓட்டை வழியாக எச்சில் வந்துகொண்டே இருக்கும், மேலே வெளியேற வழி இருக்காது. சீழை வைத்துக்கொண்டு ஓட்டையை மட்டும் தைத்தால் தையல் பிரிந்து வந்துவிடும். முதலில் அறை சுத்தமாக வேண்டும், வேண்டுமானால் எண்டோஸ்கோப்பில் மேல் வாசலைப் பெரிதாக்கிவிட்டுக் கீழே மூட வேண்டும். மேலுதட்டுக்கு உள்ளே ஈறுக்கு மேல் எலும்பில் ஜன்னல் வைத்துத் திறக்கும் பழைய முறை 1890களில் கால்டுவெல், லுக் என்ற இருவர் காலத்திலிருந்து இருக்கிறது. இப்போது வேர்த்துண்டு மாதிரி ஏதாவது சிக்கிக்கொண்டால்தான் பெரும்பாலும் அது தேவைப்படுகிறது.

மூக்கடைப்பு திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட வேண்டாம். போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்க ஆரம்பித்துவிடும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இதற்குப் பெரும்பாலும் அமாக்சிசிலின் கிளாவுலனேட்தான் எழுதுவார்கள். அப்பா சர்க்கரை நோயாளி என்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கண் இமை வீங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது, கன்னம் மரத்துப் போவது, அண்ணத்தில் கறுப்பு, பக்கத்துப் பற்கள் ஆடுவது, கடும் காய்ச்சலோடு தலைவலி, இதில் ஒன்று வந்தாலும் நாளை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அப்போதே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். 2021ல் கொரோனாவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை வந்தவர்களில் பலர் முதலில் பல்வலி, பல் ஆட்டம் என்றுதான் வந்தார்கள். உங்கள் அப்பாவுக்கு அது என்று சொல்லவில்லை. சர்க்கரை ஏறியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

தவில்காரன்:

தங்கச்சி, நான் தவில். 25 வருடமாக நாதஸ்வரக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன். அப்பாவிடம் சொல்லு, ஆவணி முகூர்த்தம் ஏழும் போனால் அடுத்த தை வரும், வாய் போனால் வராது. முன்பணம் வாங்கிய வீடுகளுக்கு அப்பாவே போன் செய்து சொல்லட்டும், வேறு ஆள் அனுப்பாமல் நின்றுபோவதுதான் கெட்ட பெயர். செட்டில் இரண்டாவது நாதஸ்வரம் வாசிக்கிற பையன் யார்? அவனை முன்னால் உட்காரவைத்து, அப்பா பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டு கூடவே இருக்கலாம். பெரிய வித்வான்களே உடம்பு முடியாதபோது அப்படி உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். சம்பளத்தில் பங்கு கிடைக்கும், ஆளையும் விட்டுப் போகாது.

சீவாளிமகள்:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். பதினெட்டு நாள் கழித்து வந்து எழுதுகிறேன், நடுவில் உட்கார நேரமே இல்லை.

மறுநாளே சிதம்பரம் போனோம். ஸ்கேனில் ஓட்டை 6 மி.மீ. வேர்த்துண்டு எதுவும் உள்ளே இல்லை, ஆனால் இடது பக்கம் முக்கால்வாசி சீழ். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.1 என்று வந்தது, அதைப் பார்த்து அந்த டாக்டர் அப்பாவைக் கொஞ்சம் கடிந்துகொண்டார். உடனே தைக்கவில்லை. ஓட்டை வழியாகவே மெல்லிய குழாய் விட்டு உப்புத் தண்ணீரால் கழுவினார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு முறை. முதல் தடவை வெளியே வந்ததைப் பார்த்து எனக்குக் குமட்டிவிட்டது. மூன்றாவது தடவை தண்ணீர் தெளிவாக வந்தது. ஓட்டையை மறைக்கிற மாதிரி மேல் அண்ணத்துக்கு ஒரு பிளேட் செய்து கொடுத்தார்கள், அதை மாட்டிக்கொண்ட பிறகு கஞ்சி மூக்கில் வரவில்லை, அன்றைக்குத்தான் அப்பா முகத்தில் ரத்தம் வந்தது. காலை மாலை இன்சுலினும் ஆரம்பித்தார்கள்.

அப்புறம் கன்னத்துக்குள் இருக்கும் கொழுப்பை இழுத்து ஓட்டையை அடைத்து மேலே ஈறுத்தோலையும் வைத்துத் தைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான், மயக்கம் இல்லை. இன்றைக்கு ஒன்பதாவது நாள். கன்னம் வீங்கி நீலமாக இருந்தது, இப்போது வடிந்துவிட்டது. தண்ணீர் மூக்கில் வரவில்லை, நாற்றம் இல்லை. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் "வாயைத் திற, பார்க்கலாம்" என்கிறார்கள், அதைத் தடுப்பதுதான் என் வேலை.

பழைய பல் டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஸ்கேனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார், இனிமேல் மேல் பல் எடுத்தால் மூன்றாம் நாள் கட்டாயம் வரச் சொல்கிறேன் என்றார்.

ஒரு சந்தேகம் டாக்டர். வாசிக்க எப்போது ஆரம்பிக்கலாம் என்று அங்கே கேட்டதற்கு அடுத்த தடவை பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். உங்கள் அனுபவத்தில் எவ்வளவு நாள்? இங்கே காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சாதகம் பண்ணியே பழகியவர், சும்மா உட்கார முடியவில்லை.

முகத்தாடைமருத்துவர்:

நல்ல செய்தி, அம்மா. சரியான வரிசையில்தான் செய்திருக்கிறார்கள். கொழுப்பு வைத்து மூடிய இடத்தில் முதலில் மஞ்சளாக ஏதோ தெரிவதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள், மூன்று நான்கு வாரத்தில் அதன் மேல் வாய்த்தோல் தானே படர்ந்துவிடும். சாதாரண ஆளுக்கு நான் இரண்டு வாரக் கட்டுப்பாடு சொல்வேன். நாதஸ்வரத்துக்கு ஆறு வாரத்துக்குக் குறைந்து நான் அனுமதிக்க மாட்டேன், சர்க்கரை அடங்கவில்லை என்றால் எட்டு. அதுவும் பார்த்த டாக்டர் கண்ணாலும் ஸ்கேனாலும் பார்த்து, சரி என்ற பிறகு. முதல் வாரம் பத்து நிமிடம், கீழ் ஸ்தாயியில் மட்டும். மேலே போக ஆசை வரும், வேண்டாம். ஊதும்போது கன்னத்தில் கனமோ மூக்கில் காற்றோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டுப் போய்க் காட்டட்டும்.

சீவாளிமகள்:

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆறு வாரமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்து, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை மாட்டாமல் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். என்ன ராகம் என்று கேட்டேன், தோடி என்றார். இதற்குத் தடை ஒன்றும் இல்லையே டாக்டர்?

முகத்தாடைமருத்துவர்:

இல்லை அம்மா. விரல் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும். அடுத்த தடவை தையலைக் காட்டிவிட்டு வந்து எழுதுங்கள்.